பூவாளி யாருக்கு?

மே 16, வெள்ளி

ஃபின்டன் இன்று சீக்கிரமே வீடு திரும்பிவிட்டான். கையில் ருபார்ப் கேக் வேறு. “இந்தச் சனி ஞாயிறு ஒரு திட்டமும் வேணாம். சும்மா ஊரைச் சுத்துவோம். கிளம்புறதுக்குள்ள பெர்லினை ஒரு தடவை நிதானமாப் பாத்துக்கலாம்” என்கிறான்.

எங்கேயோ இடிக்கிறது. தேனிலவுக்கே மணிவாரியாகத் திட்டம் போட்டு வந்தவன் இவன். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆபீஸில் ஆள் குறைவு என்று விடிந்ததும் ஓடுகிறான். நாளைக்கு மட்டும் ஆள் நிறைந்துவிட்டார்களா? அதிவிநயம் தூர்த்த லட்சணம். கேக்கை மட்டும் சாப்பிட்டேன். கேக் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் சொந்த ஊர் கால்வேக்கே திரும்புகிறோம். வெளிநாட்டில் இருந்தது போதும் என்று போன கிறிஸ்துமஸில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. அக்கா பிரீட் தன் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். இவன்தான் இன்னும் ஆபீஸில் சொன்னபாடில்லை. “சொல்றேன், சொல்றேன்.” எப்போது?

கேக் வெட்டும்போது பார்த்தேன் — அவன் நகக்கண்ணில் மண். நாளெல்லாம் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு மண் எங்கிருந்து வரும்?

மே 17, சனி

ஒரு மணி நேரம் ஸ்ப்ரே ஆற்றில் படகு. அப்புறம் ட்ரெப்டோ பூங்காவில் புல்தரையில் படுத்துக் கிடந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் பாட்டுப் போட்டுக் கறி சுட்டுக்கொண்டிருந்தது. நல்ல வெயில். சுகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஃபின்டன் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டான். அவன் பிடரியைப் பார்த்தேன். வெயிலில் நன்றாகக் கருத்து, சட்டைக் காலர் வரைக்கும் கோடு போட்ட மாதிரி. எந்த ஆபீஸில் பிடரி கருக்கும்?

மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு வழக்கம்போலச் சோப்புக்கட்டிதான். வாய்விட்டே சொன்னேன். “ஒரு நாளாவது மாவா மலர்ந்த கிழங்கைத் தின்னுட்டுச் சாகணும்.” அவன் தட்டைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டான். என்ன சிரிப்பு?

திரும்பும்போது ஓஸ்ட்க்ரோய்ட்ஸ் நிலையத்தில் குட்டு பாதி வெளிப்பட்டது. எங்கள் ரயில் வந்து நிற்கிற நேரம், எதிரே ஒருத்தி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். “ஏய் ஃபின்டன்! காலையிலேருந்து உன்னைக் காணோமே? நாளைக்காவது வருவியா நீ?” என்றாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். “ஓ… மன்னிக்கணும், நீங்க அவரோட…” அதற்குள் இவன் என்னை ரயிலுக்குள் தள்ளிவிட்டான்.

“யாரு?”

“ஹைக்கே. தெரிஞ்சவங்க.”

எதிர்வீட்டு ஷூல்ட்ஸ் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு “நீங்கள்”தான் போடுகிறார். இந்த ஊர் அப்படி. இங்கே ஒருத்தி என் புருஷனை “நீ, வா, போ” என்கிறாள், இவன் “தெரிஞ்சவங்க” என்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான். அதைக் கேட்க இன்றைக்குத் தெம்பு இல்லை.

மே 18, ஞாயிறு

தூங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மவுவர்பார்க் பழம்பொருள் சந்தை. ஃபின்டன் துத்தநாகத் தகட்டில் ஒரு பழைய பூவாளி வாங்கினான். பேரம்கூடப் பேசவில்லை. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. பால்கனி கிடையாது. ஜன்னலில் ஒரு பூத்தொட்டிகூடக் கிடையாது.

“பூவாளி யாருக்கு?”

“ஓர்லா, வீட்டுக்குப் போய்…”

“அவளுக்கா? சொல்லுடா, அந்த பூட்ஸ்காரிக்கா?” சந்தை நடுவிலேயே கேட்டுவிட்டேன். கப் விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டுமே.

அவன் முகம் வெளுத்துவிட்டது. “வா, காட்டுறேன். இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் இருந்தேன்” என்றான்.

வட்டப் பாதை ரயிலில் போய் இறங்கினால், தண்டவாளத்தை ஒட்டித் தோட்டக் காலனி. வேலிக்கு வேலி ஒரு துண்டு நிலம், ஒரு குடிசை. ஒரு படலை அவன் தன் சாவியைப் போட்டுத் திறந்தான். தன் சாவி! உள்ளே பீன்ஸ் கொடி, கீரை, ஓரத்தில் உயரமாக மண் அணைத்த ஒரு பாத்தி. அடுத்த தோட்டத்தில் அந்த ஹைக்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் சங்கத்தின் சாவிகள் அவள் பொறுப்பாம். இந்த வேலிகளுக்குள் எல்லாரும் எல்லாரையும் “நீ”தானாம்.

பொம்பளை இல்லை, நிலம். நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான் இருந்தது. அப்புறம் உறைத்தது. இங்கே தோட்டத்துக்குப் பேர் கொடுத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் தோட்டம் எடுப்பானா? கிளம்பவே போவதில்லை இவன். அதற்கு அந்தப் பொம்பளையே தேவலை என்று தோன்றியது.

கத்த ஆரம்பித்தேன். நல்லாவே கத்தினேன். வேலிக்கு மேலே ஹைக்கேயின் தலை.

“மணி ஒண்ணாச்சு. மூணு வரைக்கும் இங்க சத்தம் கூடாது. சண்டை போட வேணாம்னு சொல்லல. மெதுவாப் போடுங்க.”

போட்டோம். இரண்டு மணி நேரம், குசுகுசுவென்று. கத்துவதற்கென்று சேர்த்து வைத்த வார்த்தைகளை மெதுவாகச் சொன்னால் அசடு வழிகிறது. காதில் விழ வேண்டும் என்று குடிசைப் படியில் தலையோடு தலை சேர்த்து உட்கார வேண்டியதாயிற்று.

“எத்தனை மாசமாடா பொய்?”

“மார்ச்லேருந்து. நாம இங்க வந்த புதுசுல பேர் குடுத்தது, மறந்தே போச்சு. கூப்பிட்டாங்க. வேணாம்னு சொல்லத்தான் போனேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.”

“அப்போ ஊருக்கு வர எண்ணமே இல்ல?”

படியோரத்து மண்ணைக் கிள்ளினான். “பயமா இருக்கு ஓர்லா. அங்க போனா நான் அப்பா கடையை விட்டுட்டு ஓடினவன். தெருவுல ஆளாளுக்குக் கேப்பான். இங்க யாரும் என்னை எதுவும் கேக்கறதில்ல.”

“நான் இங்க எப்படி இருக்கேன்னு நீயும்தான் கேக்கல.”

“ஆமா,” என்றான். “கேக்கல.”

இந்த ஒன்றைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் அவன் சமாதானம் சொல்லியிருப்பான். நான் இன்னும் சத்தமாகப் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது. அழுதேன். அவனும்தான்.

மூன்று மணிக்கு எங்கோ குழந்தைகள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஃபின்டன் எழுந்து போய்ச் சாவியை ஹைக்கே கையில் கொடுத்துவிட்டான். “நாங்க ஊருக்குப் போறோம்.”

இவ்வளவு சுலபமாகவா?

மே 19, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் தோட்டக் காலனியில் இறங்கினேன். வழியா அது? எதிர்த் திசை. சாவி நிஜமாகவே திரும்பிப் போயிற்றா என்று பார்க்க வேண்டியிருந்தது.

“நம்பலையா நீங்க?” ஹைக்கே சாவியை எடுத்துக் காட்டினாள். “ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அந்த ஓரத்துப் பாத்தியை மட்டும் ஜூன் முடியிறவரைக்கும் யாரும் கிளறக் கூடாதாம். உங்க ஊர் உருளைக்கிழங்கு. எங்க கிழங்கு சோப்புக்கட்டின்னு சொன்னீங்களாமே. எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.”

விதைக்கிழங்கு யார் அனுப்பியது? பிரீட். இரவு போனில் பிடித்தேன். “நீயும் கூட்டா?”

“கேட்டான், அனுப்பினேன். நான் என்னத்தைக் கண்டேன்? உன் புருஷன் கிழங்கு நட்டா அதுலயும் துப்பு துலக்கணுமா உனக்கு? போடி!”

ஜூன் 20

ஊருக்குப் போவதை ஃபின்டன் திங்கட்கிழமை ஆபீஸில் சொல்லப் போகிறானாம். முகத்தில் பொய்யே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வர வர ரொம்ப அமைதியாகிவிட்டான். தினமும் என்னிடம் “எப்படி இருக்கே?” என்று மட்டும் கேட்கிறான்.

ஜூன் 21, சனி

பொறுக்க முடியவில்லை. ஹைக்கே படலைத் திறந்துவிட, ஒரு வாரம் முன்னாலேயே ஓரத்துப் பாத்தியைக் கிளறிவிட்டோம். கிழங்கு ஒவ்வொன்றும் முட்டை அளவுதான். குடிசை அடுப்பில் தோலோடு வேகவைத்தோம். வெடித்து, மாவாக மலர்ந்து, வெண்ணெய் போட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஹைக்கேயும் ஒன்று எடுத்தாள். “உதிருது,” என்றாள். குறை சொல்கிறாளாம்!

வாய் நிறைய வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஊர் வேண்டும். இப்போதும் வேண்டும். ஆனால் இவனை இப்படி வாயடைத்துக் கூட்டிக்கொண்டு போய் அங்கே என்ன செய்வேன்?

“ஒரே ஒரு வருஷம்,” என்றேன். “அடுத்த கோடைக்கு மூட்டை கட்டியாகணும்.”

ஃபின்டன் உடனே சரி என்றான். ரொம்ப உடனே.

ஹைக்கே சாவியை எடுத்தாள். காத்திருக்கிறவர்களில் ஒருத்தரையும் இன்னும் கூப்பிடவில்லையாம், திருடி. “ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கங்க,” என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பிரீட் காலையில் கூப்பிட்டாள். “ஒரு வருஷமா? நல்லா நம்பினே போ!”

மதியம் தோட்டத்தில் இருந்தோம். பின்பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஜோடி, எந்த ஊர் பாஷையோ, தொண்டை கிழியச் சண்டை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “மணி ஒண்ணாச்சு. மெதுவாப் போடுங்க” என்றேன். இந்தப் பக்கத்திலிருந்து ஹைக்கே சிரித்தாள். “தேறிட்டே ஓர்லா நீ.”

ஃபின்டன் குடிசைக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் எதையோ நட்டுக்கொண்டிருந்தான். ஆப்பிள் கன்று. காய்க்க நாலைந்து வருஷமாவது ஆகும்.

பூவாளியை நிரப்பிக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.