பொருத்தம் கேட்டு நடந்த பாதை

2023.01.18
வாசல் கூட்டும்போது பார்க்கிறேன், நஸீர் எங்கள் வேலியை ஒட்டிக் கயிறு கட்டுகிறான். முன்வளவுக் காணி கச்சிமுகம்மது காக்காவுடையது. அவர் மௌத்தான பிறகு மகன் நஸீருக்கு வந்தது. எங்கள் வீடு அதற்குப் பின்னால். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வளவின் ஓரத்தால்தான் றோட்டுக்குப் போகிறோம், இருபத்தாறு வருஷம். இப்போது கயிறு அந்தப் பாதையையும் சேர்த்து வளைத்துவிட்டது.

கேட்டேன். "மகளுக்கு ஊடு கட்டப்போறன் ராத்தா. வளவு சின்னன். நீங்க கான் ஓரத்தால போங்களன்" என்றான்.

கழிவுத்தண்ணீர் ஓடும் கான், அதன் ஓரத்தால் ஒரு ஆள்தான் நடக்கலாம். நான் நடப்பேன். இவர்? பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த மனிதர். மாதாமாதம் கிளினிக்குக்கு மசூரின் ஓட்டோ வாசல்வரை வந்துதானே ஏற்றிப்போகிறது?

2023.01.20
அத்திவாரம் வெட்டிவிட்டான். என் கோபத்தில் ஒரு சட்டி உடைந்தது. சட்டி என்ன செய்தது, பாவம்.

2023.02.06
கல்முனைக்குப் போய்ச் சட்டத்தரணியைக் கண்டேன். கான் ஓரத்தில் நடைவழி இருப்பதால், வேறு வழியே இல்லை என்று வாதாட முடியாதாம். "ஆனா பத்து வருஷத்துக்கு மேல, ஆர்ர உத்தரவும் கேக்காம உரிமையாப் பாவிச்சிருந்தா அந்தப் பாத உங்களுக்குத்தான்" என்றார்.

பத்தா? இருபத்தாறு. இன்றுதான் ஒழுங்காகச் சோறு இறங்கியது. இவரிடம் சொன்னேன், கோணிய வாயால் சிரித்தார்.

2023.03.02
வழக்கு முடியும்வரை கட்டக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கின் மேல் பலகை போட்டு ஓட்டோ வருகிறது.

2024.07.11
இன்று சாட்சிக்கூண்டில் ஏறினேன். நானே கெடுத்தேன்.

நஸீரின் சட்டத்தரணி மெதுவாகத்தான் கேட்டார். கச்சிமுகம்மதுவோடு ஏதும் மனஸ்தாபமா என்று.

"சீ, இல்ல. நல்ல மனிசன். நோன்புப் பெருநாளைக்கு முதல்நாள் போய், உங்கட வளவாலதான் போய் வாறம், பொருந்திக்கொள்ளுங்க எண்டு கேட்டுட்டு வருவம்."

"அவர் என்ன சொல்லுவார்?"

"பொருந்திட்டன், போய் வாங்க எண்டுவார்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஓம். ஒரு வருஷமும் விட்டதில்ல."

நாலு பேர் எங்கள் நடத்தையை அறியட்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எங்கள் சட்டத்தரணி, "வருஷாவருஷம் உத்தரவு கேட்டிருக்கீங்க. கேட்டு நடந்தா உரிமை வராதும்மா. இத ஏன் எனக்கிட்ட முதலே சொல்லல்ல?" என்றார்.

அது உத்தரவு என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்தவர் மண்ணை மிதித்ததற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்து, மன்னித்துவிடச் சொல்லிக் கேட்ட பொருத்தம் அது. கேட்காமல் திமிராக நடந்திருந்தால் பாதை என்னுடையதாம். என்ன சட்டம் இது? யாருக்குச் செய்தது?

2024.07.12
"கேட்டது பிழையில்ல புள்ள" என்றார் இவர். எனக்குப் பிழையென்றுதான் படுகிறது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

2024.11.05
தீர்ப்பு. தோற்றுவிட்டோம்.

2024.11.26
மதில் எழும்பிவிட்டது. கிளினிக்குக்கு மசூரும் அவனுடைய மச்சானும் இவரைக் கதிரையோடு தூக்கிக் கான் ஓரத்தால் போனார்கள். பாதிவழியில் மசூரின் கால் வழுக்க, இவர் கானுக்குள் — சாரனெல்லாம் சேறு. தெருவே பார்த்தது. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று இவர்தான் அவர்களைத் தேற்றினார்.

தூக்கிவிட முதலில் ஓடிவந்தவன் நஸீர். அவனை வெறுக்கவும் விடமாட்டான் போலிருக்கிறது.

கழுவிவிடும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

2024.12.24
கிளினிக் நாள். மசூர் றோட்டில் நின்று ஹோர்ன் அடித்தான். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நித்திரையில்லை, எனக்குத் தெரியும். நான் எழுப்பவில்லை.

இன்னொருமுறை அடித்துப் பார்த்துவிட்டு மசூர் போய்விட்டான்.