திறக்காமல் போட்ட டிக்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ‘அன்புள்ள’ என்று தொடங்கிவிட்டு அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். புது வேலை, கண்ணாடிக் கதவு வைத்த அறை என்று அம்மாவுக்குப் படம் படமாக அனுப்புகிறாயே. என் போனை எடுக்கத்தான் உனக்கு நேரமில்லை.

அச்சகத் தொழிலாளியின் வழக்கு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்தது. தாள் வெட்டும் இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்தவர். நஷ்டஈடு கேட்டு அவர் காலம் கடந்து மனுப் போட்டார் என்பதுதான் எதிர்த்தரப்பின் ஒரே வாதம். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, ஊனம் நிரந்தரம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பதற்கு நாம் ஒரு பழைய தீர்ப்பைக் காட்டியிருந்தோம். எழுந்து நின்று அதைப் படித்தேன். நாலு வரி தாண்டவில்லை, அதை மேல்கோர்ட் எட்டு மாதத்துக்கு முன்பே ரத்து செய்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். உட்கார்ந்துகொண்டே சொன்னார், எழுந்திருக்கக்கூட இல்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “செத்துப்போன தீர்ப்ப வச்சிக்கிட்டா வாதாட வந்தீங்க?” என்று கேட்டார். இருபது வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு தீர்ப்பையும் இணையத்தில் மேற்கோள் தளத்தில் திறந்து, அது இன்னும் செல்லுமா, ரத்தானதைக் காட்டும் சிவப்புக் குறி பக்கத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மனுவின் ஓரத்தில் பச்சை மையில் டிக். முப்பத்து நாலு மேற்கோள், முப்பத்து நாலு டிக், எல்லாம் உன் கை. அதை நம்பித்தான் கீழே கையெழுத்துப் போட்டேன். நேற்று அந்தத் தளத்தில் நம் கணக்கின் தேடல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நீ திறந்தது முப்பத்தொன்று. கடைசி மூன்றைத் தொடவே இல்லை, அந்தச் செத்த தீர்ப்பும் அதில் ஒன்று. மறுநாள் புது வேலைக்கு உனக்குப் பயணம். மனசு பெட்டி கட்டுவதில் இருந்திருக்கும், கை பாட்டுக்கு டிக் போட்டுக்கொண்டே போயிருக்கும். மூன்று நிமிஷ வேலையடா அது.

இன்னொன்று கேள். ரத்து செய்த அந்தப் புதுத் தீர்ப்பிலேயே நமக்கு வழி இருக்கிறது. தொடர்ந்து சிகிச்சையில் இருந்தவருக்கு, சிகிச்சை முடிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்கிறது. நம் ஆள் பதினாலு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். சீட்டெல்லாம் பை நிறைய வைத்திருக்கிறார். நீ அந்தச் சிவப்புக் குறியை ஒருமுறை பார்த்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் மனுவோடு சேர்த்திருப்போம்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கோபப்படவில்லை. “உங்க தம்பி எல்லாத்தையும் பாத்துட்டாருன்னு சொன்னீங்களேம்மா” என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேற்கோளைச் சரிபார்த்தது யார், எப்படித் தவறியது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுங்கள், பிறகுதான் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஏற்பதா என்று யோசிப்பேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். இருபதாம் தேதி கடைசி நாள். இதை உனக்குச் செய்தியாக அனுப்பினால் என்ன பதில் போட்டாய்? “அன்னிக்கு சைட் வேலை செய்யலன்னு சொல்லிடுக்கா, யாரு பாக்கப் போறா.” முப்பத்தொன்று திறந்த தளம் முப்பத்திரண்டில் படுத்துவிட்டதா? பட்டியல் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் அந்தப் பொய்யை நான் அந்த மனிதரின் வழக்கில் வைக்கமாட்டேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தம்பியை ஏன் கரித்துக்கொட்டுகிறாய் என்று என்னிடம்தான் சண்டை. கடைக்காரரிடம்கூட உன் வேலையைப் பற்றித்தான் பேச்சு. பேசட்டும்.

என் பங்கை எழுதிவிட்டேன். தம்பி போட்ட டிக் என்பதால் நான் மறுபடி பார்க்கவில்லை, அது என் தவறு என்று எழுதியிருக்கிறேன். உன் வாக்குமூலத்தையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. புது ஆபீஸில் தெரிந்தால் தலைகுனிவுதான். எனக்கும் அதேதான், நான் தினமும் அதே கோர்ட் படி ஏற வேண்டியவள்.

இன்னொரு தாளும் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். முப்பத்து நாலையும் சரிபார்த்தது நானே என்று இருக்கிறது அதில். உன்னைத் திட்டித் திட்டி எழுதிய அதே கையோடு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று என்னைக் கேட்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இருபதாம் தேதிக்குள் உன் கையெழுத்து வந்து சேரட்டும். அந்த டிராயரை என்னைத் திறக்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா