சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் பார், உன் புருஷன் எழுதுகிறேன்! எதிரில் ஒரு நீல மை டப்பா இருக்கிறது, கைநாட்டு வைக்கிற மை. மூடி வைத்தும் வாசனை வருகிறது. அதைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நீ கண்ணை மூடி மூன்று வருஷம். துறைமுகத்துப் பக்கத்துக் கான் ஹொய் அறையில் அடுப்புக்கு மேலே, சுவரில் கரிக்கட்டியால் நாலு வரி எழுதி வைத்தாயே. என்ன எழுதினாய் என்று கேட்டால், "படிக்கக் கத்துக்கிட்டு வந்து பாருங்க" என்பாய். நான் சிரித்துவிட்டுக் கிடங்குக் காவலுக்குப் போய்விடுவேன். அந்த வரிகளுக்காகத்தான் இந்த வயதில் கீழ்வீட்டு மரைக்காயரிடம் சிலேட்டோடு போய் உட்கார்ந்தேன். அவரையே படிக்கச் சொல்லியிருக்கலாம். உன் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்க மனமில்லை. மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படித்ததெல்லாம் பிரெஞ்சு.

எழுத்துக் கூட்ட வந்ததும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல் என்று வைத்துக்கொண்டேன். தீர்ந்துவிடக் கூடாதே. மகள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றியே மூன்று வரி எழுதியிருக்கிறாய்!

இதற்குள் உன் மகள் எனக்கு வேறு இடம் பார்த்துவிட்டாள். "துறைமுகத்துப் பக்கம் எப்ப குண்டு விழும்னு தெரியல பப்பா. மாடிப்படி வேற. இது கோயிலுக்கு அடுத்த சுவரு. படுத்துக்கிட்டே பூசை கேக்கலாம்."

"படுத்துக்கிட்டே பூசை கேக்க நான் என்ன பொணமா?" என்றேன். கத்தோலிக்கக் கிழவன் என்றால் மணிக்கூண்டுக்கு அடியில் கட்டிப்போட வேண்டுமா? பூசையைவிட, பூசை முடிந்து உன்னோடு பாலத்தில் நடந்து வந்ததுதான் எனக்குப் பிடிக்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சுவரைப் பற்றியும் சொல்லவில்லை. வெட்கம். ஒரு மாதம் வெறுமனே "வரமாட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, அறையைக் காலி செய்கிற காகிதத்தோடு வீட்டுக்காரி பா ஹாய் வந்தாள். மகள் இந்த டப்பாவைத் திறந்து நீட்டினாள். "பெருவிரல மட்டும் வைங்க பப்பா. உங்களுக்குத்தான் எழுத வராதே."

அவ்வளவுதான். பேனாவைப் பிடுங்கினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு என் பேரை முழுதாகத் தமிழில் எழுதினேன். "இது என்ன, பாகற்கொடியா?" என்று வீட்டுக்காரி வியட்நாமியில் கேட்டுச் சிரித்தாள். மகள் அழுதேவிட்டாள். நானும் பூரித்துப்போய் நின்றேன். சாவி கைமாறிய பிறகுதான் உறைத்தது. ஒரு மாதம் மாட்டேன் என்றது வாய். கை எழுதிக் கொடுத்துவிட்டது!

இங்கே விடியும் முன்பே மணி தலைக்குள் அடிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சாமியார், "இன்னைக்குப் பூசைக்கு வரலியே?" என்று கையசைத்துக் கேட்கிறார். இவர்களுடைய தெத் புத்தாண்டுக்காக அந்தப் பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் மகளிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பப்பா? அம்மா எழுதினதுன்னா சுவத்தையே பேத்துக்கிட்டு வந்திருப்பேனே!"

"நீ கேட்டியா?"

"நீங்க வாயத் தொறந்தீங்களா?"

இருவரும் கத்தினோம். பிறகு அவளே போய் வீட்டுக்காரியிடம் ஞாயிறுவரை தவணை வாங்கி வந்தாள்.

நான்காம் வரியில், 'இவர் கோபக்காரர், ஆனால்' என்பது வரை படித்திருக்கிறேன். அந்த 'ஆனால்' ஒன்றைத்தான் இந்த மணிச்சத்தத்துக்கு நடுவே சுமந்துகொண்டு கிடக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து பாலம் வழியாக அந்த அறைக்கு நடந்தே போவேன். மகளும் கூட வருகிறாளாம். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு நீ என்ன எழுதியிருந்தாலும் அடுத்த வாரம் என் பதில் வரும். நல்லதாக எழுதியிருந்தால் ஒரு பக்கம். இல்லையென்றால் இரண்டு பக்கம்.