தேசிக்காய் எறிந்ததற்கு மன்னிப்பில்லை

இணுவில்,
12.11.1975

அன்பு மகன் தில்லைநாதனுக்கு,

கந்தசுவாமியாருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க அவரையே வேண்டுகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சி கனகத்துக்கு வந்த அரியாலைச் சம்பந்தத்தை நான்தான் குழப்பினேன் என்றும், தம்பிஐயா மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். மாமா என் கூடப்பிறந்தவர், சம்பந்தம் கொண்டுவந்தவரும் அவர், அவர் உனக்கு எழுதினது பிழையில்லை. ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மிச்சத்தை நான் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

போன வருஷம் அரசாங்கத்தின் தரப்படுத்தலால் கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமற் போனபிறகு கனகம் எப்படிக் கிடந்தாள் என்று உனக்கு நான் எழுதவில்லை, நீ அங்கே தனியே இருந்து யோசிப்பாய் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு புள்ளி எடுத்த பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், சீப்பால் தலை இழுக்க விடமாட்டாள், கூப்பிட்டால் ஓம் என்றுகூடச் சொல்லமாட்டாள். அப்பா வைத்தியரிடமும் கோயிலுக்கும் அலைந்தார். ஒருநாள் ஊறுகாய்க்கு வாங்கின தேசிக்காயைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வந்தால், படுத்தபடியே இரண்டை மேலே எறிந்து எறிந்து பிடிக்கிறாள். பக்கத்தில் இருந்து நானும் எறிந்தேன். ஒன்று என் நெற்றியில் விழுந்தது. பிள்ளை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக நான் பிறகும் எறிந்தேன், அந்த முறை ஊறுகாயே போடவில்லை. அம்மாவுக்கு மூன்றை எறிந்து பிடிக்கப் பழக்கவேண்டும் என்றே அவள் படுக்கையை விட்டு எழும்பினாள். பிறகு உன் பழைய களிசானைப் போட்டுக்கொண்டு சுவரில் காலைச் சாத்தித் தலைகீழாக நின்று பழகினாள், பிறகு சுவரையும் விட்டுவிட்டுக் குசினியிலிருந்து விறாந்தை வரைக்கும் கையால் நடந்தாள். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறாள், அது ஊரெல்லாம் போய்விட்டது.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கடை பெட்டை கையாலை நடக்கிறவவாம், மெய்யே?" என்று கேட்டார். மாமா இல்லை என்று சொல்ல வாயெடுத்தார், நான் முந்திக்கொண்டு ஓம் என்றேன். கலியாணத்துக்குப் பிறகு உந்தக் குரங்காட்டமெல்லாம் விடவேணும், இப்பவே வாக்குத் தரவேணும் என்றார். அவளைக் கேளுங்கோ என்றேன். ஒரு வருஷமாகப் பிறத்தியாருக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை கதவடியில் வந்து நின்று, "விடமாட்டன்" என்றாள். மாப்பிள்ளைப் பொடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய்தான் இதைப் பழக்கினது என்று பெரியப்பா சத்தம்போட்டார். நான் குசினிக்குள் போய் மூன்று தேசிக்காயை எடுத்துவந்து அவருக்கு முன்னால் நின்று எறிந்து பிடித்தேன். ஒன்று தவறி அவருடைய கதிரைக்குக் கீழே உருண்டது, குனிந்து எடுத்து மறுபடியும் தொடங்கினேன். அவர்கள் தேத்தண்ணியை மிச்சம் விட்டு எழும்பிப் போனார்கள், மாமாவும் கூடவே போனார்.

அப்பா என்னைப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கனகத்துக்குப் பக்கத்தில் போய் இருந்து, வயிறு நிறையச் சாப்பிடு பிள்ளை என்று தன் கையால் சோறு போட்டுக் கொடுத்தார். அவள் இப்போது இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி பழக்கப் போகிறாள், நியமனம் நிரந்தரமில்லை, ஆனால் காலமை தானாக எழும்பித் தலை இழுத்துக்கொண்டு போகிறாள். எனக்கு அது போதும். அதைத் தாங்கமாட்டாத சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். மாமாவோடு எனக்குக் கோபமில்லை, தைப்பொங்கலுக்கு வரச்சொல்லியிருக்கிறேன், ஆனால் மன்னிப்புக் கேட்க இந்தப் படி இறங்கமாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று லண்டனில் இருந்து நீ பயப்படவேண்டாம், ஊரில் இருக்கிற நானே பயப்படவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கந்தசுவாமியார் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். மறவாமல் ஒன்று செய், தங்கச்சியைப் பற்றி இனி எனக்கோ மாமாவுக்கோ எழுதாதே. அவளுடைய பேரை எழுதி அவளுக்கே கடிதம் போடு.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கும் அம்மா,
மீனாம்பிகை நடராசா