எண்ணில் சொல்லுங்க அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் இன்று ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் ஓடியது! கறுப்புத் திரை கேள்வி கேட்கும். நாம் டைப் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். புரோகிராமுக்குள் ஒவ்வொரு மருந்தும் ஒரு ஆப்ஜெக்ட், தனித்தனிக் கணக்குப்பிள்ளை மாதிரி. தன் இருப்பைத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும்.

"எத்தனை பெட்டி?" என்று திரை கேட்டதும் கிடங்கு அக்கா "கொஞ்சம்தான்" என்று அடித்தார். எண்ணை எதிர்பார்த்த புரோகிராம் படுத்துவிட்டது, மேலாளர் கண்ணெதிரே! எண் வராவிட்டால் திரும்பக் கேட்கும்படி அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அக்கா விடவில்லை, மறுபடியும் "கொஞ்சம்தான்". "எண்ணில் சொல்லுங்க அக்கா" என்றது திரை.

"அட, அக்கான்னு கூப்பிடுதே! இதையே வச்சுக்கலாம் சார்" என்று அவர் சிரிக்க, மேலாளரும் தலையாட்டிவிட்டார்.

என் பச்சைப் போர்வையை அனுப்புங்கள். போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் இனி சலித்துக்கொள்ள மாட்டேன்; இங்கே அதைக் கேட்க ஆளில்லை. பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்