கருவியில் நான் அழித்த கோடுகள்

அன்பின் ஹோர்ஸ்ட் அண்ணை,

உயிரோடு இருந்தவரை உங்களை 'ஹெர்' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். இனிக் கேட்க நீங்கள் இல்லை என்ற துணிவில் அண்ணை என்கிறேன். கோபிக்க மாட்டீர்கள்தானே?

ஜேர்மனியின் வுப்பர்டாலில் உங்கள் வீட்டை ஆறு வருடம் துப்புரவு செய்தேன். முன்னறையில் அந்தக் கருவி இருந்தது. இளம் வயதில் நீங்களே கண்டுபிடித்துச் செய்தது. உலகத்தில் அது ஒன்றுதான். நீண்ட உலோகப் பட்டையில் விரலை அழுத்தி நகர்த்தினால் மின்சாரம் பாடும். முதல் நாள் கேட்டபோது, செத்தவீட்டில் யாரோ அழுகிறார்கள் என்று பயந்துபோனேன். பிறகு வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கத் தொடங்கினேன்.

ஊரில் போர்நிறுத்தம் வந்த வருடம், அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் ஒலிப்பதிவுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் எங்களுக்குச் சரஸ்வதி பூசை. மகளின் வயலினைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்த கையோடு உங்களிடம் வந்தேன். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். இந்தக் கருவிக்கும் ஒரு பூசை வேண்டாமா என்று தோன்றியது. பட்டைக்குக் கீழே பலகையில் இருந்த கறையெல்லாம் போகத் தேய்த்து, ஓரத்தில் பொட்டும் வைத்தேன். எனக்குப் பெருமை வேறு!

திரும்பி வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "இந்தப் பொட்டு எதற்கு?" என்று கேட்டீர்கள். சொன்னேன். "அழகாக இருக்கிறது" என்றீர்கள்.

மறுநாள் வந்தவர்கள் "கோடுகள் எங்கே?" என்று அதிர்ந்துபோனார்கள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்தச் சுரம் எங்கே என்று, காது நன்றாகக் கேட்ட காலத்தில் நீங்கள் போட்ட பென்சில் கோடுகள் அவை. காது மங்கிய பிறகு அவற்றைப் பார்த்துத்தான் வாசித்தீர்கள். திரும்பப் போட இனி உங்களால் முடியாது. நான் வாய் திறப்பதற்குள் "நானே அழித்தேன்" என்றீர்கள்.

உங்கள் மகன் அதைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் உழைப்பைத் தானே அழித்தவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முதியோர் இல்லத்தில் சேர்த்தார். "நீ ஒண்டும் கதையாதை. உண்மை தெரிஞ்சா வேறை வேலையும் கிடையாது, எங்கடை விசாவும் போகும். அந்தாள் தன்ரை வாயாலைதானே சொன்னவர்" என்றார் என் கணவர். அவரைச் சாட்டுவானேன்? எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இல்லத்துக்கு ஒருநாள் வந்தேன். "வேறு வேலை கிடைத்ததா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். கிடைத்தது என்றேன். திராட்சையைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்க விடாமல் எது தடுத்தது அண்ணை? அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டீர்கள்.

கருவி இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது. போன கிழமை மகளோடு போய்ப் பார்த்தேன். மறதிநோயில் கண்டுபிடிப்பாளரே கோடுகளை அழித்ததாகப் பக்கத்து அட்டையில் எழுதியிருக்கிறார்கள்.

"பாவம் அம்மா, அந்த மனுசனுக்கு விசரே?" என்று கேட்டாள் மகள்.

"இல்லை பிள்ளை. நான்தான் துடைச்சனான்."

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

வருகிற செவ்வாய்க்கு அருங்காட்சியகப் பொறுப்பாளரைச் சந்திக்க டெர்மின் எடுத்திருக்கிறேன். உங்கள் மகனும் வருகிறார். கருவியைத் திரும்பப் பாடவைக்க என்னால் முடியாது. ஆனால் அந்த அட்டையை மாற்றுகிறோம் என்று சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். நீங்கள் கடைசிவரை தெளிவாக இருந்தீர்கள் என்று எழுதட்டும். அழித்தவளின் பெயரையும் எழுதட்டும்.

உங்கள் பொய்க்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த தங்கை,
மலர்