காது வெட்டாத ஒன்பது கன்னு

நில்லாஸ்,

இங்க வடக்க ஏரிக்கரைல நானும் உன் மாமா ஹெய்க்காவும் நாயும் இருக்கோம், கொசு மட்டும் எங்கள விட சொகமா இருக்கு. உனக்குக் காய்ச்சல் விட்டுச்சா? விடலேன்னா சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு, விட்டிருந்தா உக்காந்து இத முழுசாப் படி, ஏன்னா திட்டப்போறேன். போன்ல திட்டுனா ஹெல்சிங்கில சிக்னல் இல்லன்னு பொய் சொல்லி வெச்சிருவ.

நீ அனுப்புன உன் சிநேகிதங்க ஆறு பேரும் வந்தாங்க. படகுல ஏறி உக்காந்த உடனே அந்தத் தாடிக்காரன் மாமாகிட்ட உங்களுக்கு எத்தன பனிமான் இருக்குன்னு கேக்கறான். பேங்குல எவ்வளவு பணம் வெச்சிருக்கேன்னு கேக்கற மாதிரி, கூடப் பொறந்தவங்க கூட கேக்காத கேள்விடா அது. மாமா மோட்டாரயே பாத்துக்கிட்டு, ஆசப்பட்டதுக்கு ஒண்ணு கம்மின்னு சொன்னாரு. அந்தாளு அத நோட்டுல வேற எழுதிக்கிட்டான். இன்னொருத்தி, மஞ்ச கோட்டு போட்டவ, ஏரியப் பாத்துட்டு இங்க மனுஷ வாடையே இல்லன்னு பூரிச்சுப் போறா, நான் ரெண்டடி தள்ளி மீன் செதில் சுரண்டிக்கிட்டு நிக்கறேன். சரி போகட்டும், பட்டணத்து ஜனம், ரெண்டு நாள் பொறுத்துக்கலாம்னு இருந்தேன். பொறுமை எனக்கு எப்ப இருந்துச்சு? பள்ளிக்கூடத்துலயே ஒக்கார முடியாம ஓடி வந்தவ, பதினேழு வயசுல உன்னப் பெத்தவ. ஆனாலும் உன் ஆளுங்களாச்சேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டேன்.

மறுநாள் காலைல கன்னுகளுக்கு நம்பர் பலகை மாட்டி பட்டில விட்டோம். அப்புறம் என்ன செய்யணும்னு அவங்களுக்கு நானே சொன்னேன், வேலியவிட்டுத் தள்ளி நில்லுங்க, அசையாதீங்க, எந்த நம்பர் எந்தத் தாய் பின்னாடி போகுதுன்னு நாங்க பாக்கணும், அது தெரிஞ்சாத்தான் யாரோட கன்னுன்னு அவங்கவங்க அடையாளத்துல காது வெட்ட முடியும்னு. தலைய ஆட்டுனாங்க. எல்லாம் எழுதியாச்சு, என்னோடதும் மாமாவோடதும் புடிச்சு வெட்டியாச்சு. உன் தாய்மானுங்களோட கன்னு ஒன்பது பாக்கி. மாமா அப்பவே, உன் புள்ளையோடத மொதல்ல முடிடி, காப்பி அப்புறம் குடிக்கலாம்னு கத்துனாரு. நான்தான் கேக்கல. நில்லாஸோட காதுவெட்டு எப்படியிருக்கும்னு அவன் சிநேகிதங்க காப்பி குடிச்சிட்டு வந்து பக்கத்துல நின்னு பாக்கட்டும், அவங்களுக்கும் தொண்ட காஞ்சு கெடக்குன்னு சொல்லி காப்பிக்குக் கூட்டிட்டுப் போனேன். பெருமை. வேற என்ன.

அந்தக் கால் மணி நேரத்துல மஞ்ச கோட்டுக்காரி காப்பி குடிக்க வரல. பட்டில ஒரு கன்னு அம்மாவக் காணாம கத்துச்சாம், மனசு கேக்கலையாம், கதவத் தொறந்து விட்டுட்டா. தாய் வெளிய நிக்கும்னு நெனச்சாளாம். மொத்த மந்தையும் காட்டுக்குள்ள பாஞ்சிருச்சு. நாங்க ஓடிப் போய்ப் பாக்கறப்போ அவ அழுதுக்கிட்டு, அதுங்க இப்ப சந்தோஷமா இருக்கும்லன்னு எங்கிட்ட கேக்கறா. நான் என்ன சொன்னேன்னு இதுல எழுத முடியாது. தாடிக்காரன் போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தான். மாமா அவங்க மூட்டையத் தூக்கிப் படகுல வெச்சாரு. அவங்கள அக்கரைல விட்டுட்டு வந்து சொன்னாரு, உன் புள்ள ஆள் அனுப்புவான், கன்னு புடிக்க மட்டும் வரமாட்டான்னு. நான் அவரையும் திட்டுனேன். ஆனா அவர் சொன்னது சரிதான்.

நீ என்னடான்னா, எல்லாரும் சந்தோஷமாத் திரும்பி வந்தாங்கம்மா, ஆகஸ்ட்ல பன்னெண்டு பேர் அனுப்பறேன்னு எழுதியிருக்க. ஒருத்தன் கரையில கால் வெக்கட்டும், படகுத் துடுப்பாலயே போடுவேன். இது காட்சிக்கு வெச்ச எடம் இல்ல. நாங்க காட்சிக்கு வெச்ச ஜனமும் இல்ல.

இப்ப உன் கன்னு ஒன்பதும் கழுத்துல பலகையோட சுத்துது. பாதி பலகை மரக்கிளைல மாட்டி அறுந்திருக்கும். பனிக்காலம் ஆரம்பிச்சு தாயவிட்டு வெலகிருச்சுன்னா அது உன்னோடதுன்னு நான் சத்தியம் பண்ணாலும் எடுபடாது, காது வெட்டாதது மான் வளக்கறவங்க சங்கத்துக்குப் போயிரும், அது உனக்கே தெரியும். போன குளிர்காலம் பனி இறுகி தீனியில்லாம செத்தது போக உனக்கு மிச்சம் நிக்கறது அந்த ஒன்பது தாய்தான். இந்தக் கன்னுகளும் போச்சுன்னா, அந்தத் தாய்களுக்கு அப்புறம் உன் காதுவெட்டு சங்கத்து ஏட்டுல மட்டுந்தான் இருக்கும்.

நேத்து மேற்குக் கரைப் பக்கம் வலை எடுக்கப் போனேன். உன் தாய்மான், அந்த வெள்ளப் புருவக்காரி, தண்ணிக்குள்ள நிக்கறா, பக்கத்துலயே கன்னு, ரெண்டு காதும் முழுசா. பத்தடிதான் இருக்கும். சுருக்குக் கயிறு எங்கிட்ட இருந்துச்சு. உன் அடையாளத்த என் கத்தியால கண்ண மூடிக்கிட்டு வெட்டுவேன், எத்தன வருஷமா வெட்டறேன். கயிறு கை வரைக்கும் வந்துச்சு. வீசல. இதையும் நான் செஞ்சு குடுத்துட்டா நீ அங்கயே உக்காந்து அடுத்த பன்னெண்டு பேர அனுப்புவ. சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன். மாமாகிட்டயும் சொல்லிட்டேன், யாரும் தொடக் கூடாதுன்னு. ராத்திரி தூக்கம் வரல, அது வேற விஷயம்.

ஒடம்பப் பாத்துக்க. கன்னு புடிக்க வர்றப்போ காட்டுல உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, எங்க நின்னாலும் கால் ஈரமாகாம இரு. முட்டி வரைக்கும் வர்ற பூட்ஸ் எடுத்துட்டு வா, மேற்குக் கரை பூரா சேறு. தனியா வா.

பெத்தவ,
பிரெத்தா